கழிமுகத்துக்கு நாம் பட்ட கடன்

“நாங்கள் வெட்டவில்லை, சாமி. வெட்டியவர்களும் இறந்துபோய்விட்டார்கள். பிறகு நாங்கள் ஏன் நட வேண்டும்?”

பிச்சாவரம் சென்று திரும்பும் வழியில், கிள்ளையில் ஒரு தேநீர்க் கடை வாசலில், எங்கள் பங்கின் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உழவர் குடும்பத்துப் பிள்ளை. பிறர் பொருளில் ஒரு காசும் தொடாதவர். அன்று காலை எங்களைப் படகில் அழைத்துச் சென்றவர், அடர்ந்த ஒரு பகுதியைக் காட்டி, “முன்பு இது பொட்டல்; நாங்கள் வாய்க்கால் வெட்டி நட்ட காடு” என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்தான் இளைஞரின் நெஞ்சில் கேள்வியாய் எழுந்திருக்க வேண்டும்.

நான் சட்டென்று ஒரு விடை சொன்னேன். “காடு நம்மைக் கடலிலிருந்து காக்கும். அதனால் நட வேண்டும்” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் கடலோரத்தில் இருப்பவர்கள் நடட்டும். நம் ஊர் கடலுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறதே” என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பயனைக் காட்டிக் கடமையை நிலைநாட்ட முயன்றேன். பயன் தமக்கு இல்லையெனில் கடமையும் இல்லை என்று அவர் சரியாகவே முடிவு கட்டிவிட்டார். அன்று நான் சொல்லத் தவறிய விடையை இங்கே தேடிப் பார்க்கிறேன்.

காடு அழிந்த விதம்

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இரு முகத்துவாரங்களுக்கு இடையே, உப்பங்கழிகளும் சிறு திட்டுகளுமாய் விரிந்து கிடக்கும் சதுப்புநிலம் பிச்சாவரம். பரப்பு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலிய மரங்கள் அங்கே உப்புநீரிலேயே வேரூன்றி நிற்கின்றன. அருகிலுள்ள சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயர் வந்தது இம்மரத்தால்தான். அலையை ஆற்றும் காடு என்பதால் இதனை அலையாத்திக் காடு என்று நம் மக்கள் அழைத்தனர். மீனும் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் வந்து தங்கி வளரும் இடம் இது. ஆழ்கடலில் வலை வீசுகிறவரின் கைக்கு வரும் மீன்கூட, ஒரு காலத்தில் இந்த வேர்களுக்கிடையே ஒளிந்து வளர்ந்ததாக இருக்கலாம்.

இக்காட்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை ஒரு வழக்கம் நீடித்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து, ஒரு பகுதியில் உள்ள மரங்களை எல்லாம் ஒருசேர வெட்டி எடுத்தனர். வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. பிற காடுகளில் வழங்கிய அந்த முறை சதுப்புநிலத்திற்குப் பொருந்தவில்லை. நிழல் இழந்த சேற்றின் மீது வெயில் நேரே விழுந்தது. ஈரம் வற்றிய சேறு அமுங்கித் தாழ்ந்து, நிலம் தொட்டி போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது உட்புகுந்த கடல்நீர், ஓதம் வடியும்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாகி, உப்பை மட்டும் மண்ணில் விட்டுச் சென்றது. ஆண்டுக்காண்டு உப்பு ஏறி ஏறி, உப்பிலே வாழப் பிறந்த மரத்தின் விதையும் முளைக்க மாட்டாத பொட்டல் உண்டாயிற்று.

இந்த அழிவுக்கு நெடுங்காலம் யார் மீது பழி விழுந்தது? விறகு பொறுக்கும் பெண்கள் மீதும், மாடு மேய்ப்போர் மீதும், கழியில் இறங்கி மீன் பிடிப்போர் மீதும் விழுந்தது. அவர்களைத் தடுத்துவிட்டால் காடு பிழைக்கும் என்று எண்ணினார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலார் நிலத்தின் மட்டத்தையும் மண்ணின் உப்பையும் ஆராய்ந்தபோதுதான், பொட்டல் உண்டானதற்கு முதன்மைக் காரணம் ஏழையின் அரிவாளன்று, காட்டை ஆள்வதற்கென்று வகுத்த முறையே என்பது தெளிவாயிற்று.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்ய வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். சமுதாயத்துக்கும் அது பொருந்தும். தவற்றை யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று நேர்மையாக ஆராயாத சமுதாயம், தன் பாவத்தைத் தன்னிலும் எளியவர் தலையில் ஏற்றிவிடும். அதற்கு மேல் அவர்களைத் தண்டிக்கவும் செய்யும்.

வாய்க்கால் வெட்டிய கைகள்

காரணம் தெரிந்த பின் மருந்தும் தெரிந்தது. குழிந்த நிலத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகப் பல கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளைப் போலத் தோன்றும். பெரிய வாய்க்காலை இயற்கையான கழியோடு இணைத்தனர். ஓதநீர் வந்தது, வந்த நீர் திரும்பிச் சென்றது, செல்லும்போது உப்பைக் கழுவிச் சென்றது. மண்ணில் உப்புக் குறைந்த பின் வாய்க்காலின் கரையோரம் கன்றுகளை நட்டனர். வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து மன்றங்கள் அமைத்து, எங்கே வெட்டுவது, எதை நடுவது, யார் காப்பது என்று ஒன்றாகத் திட்டமிட்டனர். குற்றவாளிகள் என்று கருதப்பட்ட அதே மக்கள்தான் இடுப்பளவு சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டினர். 1986, 2002 ஆகிய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அங்கே காடு நிறைந்த பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு பெருகியதாகக் கண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கன்று நடுவது இரண்டாவது வேலை. நீர் வந்து போக வழி செய்வதே முதல் வேலை. இன்று மரக்கன்று நடும் விழாக்கள் பெருகிவிட்டன. எங்கள் பங்கிலும் நடத்தியிருக்கிறோம், புகைப்படம் எடுத்திருக்கிறோம். 2023-ஆம் ஆண்டில் மைய அரசு கடலோரக் காடுகளை வளர்க்க ‘மிஷ்டி’ என்னும் திட்டத்தை அறிவித்தது. நல்ல நோக்கம்தான். ஆயினும் எத்தனை இலட்சம் கன்றுகள் நட்டோம் என்று மட்டும் எண்ணுவோமாயின், நீரோட்டம் அடைபட்ட இடத்தில் நட்ட கன்று நட்ட இடத்திலேயே பட்டுப்போகும். வட்டிக்கு விட்டு ஏழையின் நிலத்தைப் பறித்தவர், நிலத்தைத் திருப்பித் தராமல் கோயிலுக்கு மெழுகுதிரி வாங்கி வைப்பது போன்றது அது.

யார் கடனாளி?

இளைஞரின் கேள்விக்கு இப்போது வருவோம். வெட்டாதவன் ஏன் நட வேண்டும்?

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் நீதியைப் பற்றிப் பேசும்போது, ஈடுசெய்தல் என்னும் கடமையை விரிவாக ஆராய்கிறார். பறித்த பொருளைத் திருப்பித் தருவது இரக்கச் செயலன்று, நீதியின் செயல் என்பது அவர் கருத்து. பிச்சை இடுபவர் தம்முடையதைத் தருகிறார். ஈடு செய்பவரோ பிறருடையதை அவரிடமே சேர்க்கிறார். அந்தக் கடமை ஒருவர் மீது இரு வழிகளில் வந்து சேரலாம் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, அநீதியாகப் பறித்த செயலால் வருவது. மற்றொன்று, பிறர் பொருள் கையில் இருப்பதனாலேயே வருவது.

இரண்டாவது வகைக்கு எங்கள் குருமடத்துப் பேராசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு எளியது. ஒருவர் தம் தந்தை விட்டுச் சென்ற வயலை நல்ல மனத்தோடு உழுது உண்கிறார். ஒருநாள், அது கைம்பெண் ஒருத்தியிடமிருந்து பொய்ப் பத்திரத்தால் பறித்தது என்று தெரியவருகிறது. அவர் பாவம் செய்தாரா? இல்லை. அந்த வயலை அவர் வைத்துக்கொள்ளலாமா? கூடாது. குற்றம் தந்தையோடு முடிந்தது, கடன் முடியவில்லை. அது வயலோடு வந்தது.

“வெட்டியவர்கள் இறந்துபோய்விட்டார்கள்” என்னும் வாதம் முதல் வகைக் கடமைக்கு மட்டுமே விடை சொல்கிறது. இரண்டாவது வகைக்கு அது விடையாகாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ‘நீ வெட்டினாயா?’ என்பதன்று. ‘உன் கையில் இருப்பது யாருடையது?’ என்பதே.

முதல் வகையும்கூட நாம் எண்ணுமளவு குறுகியதன்று. தன் கையால் பறித்தவர் மட்டுமல்லர், பறிக்கக் கட்டளையிட்டவரும், ஆலோசனை கூறியவரும், உடன்பட்டவரும், புகழ்ந்து தூண்டியவரும், பறித்தவருக்குப் புகலிடம் தந்தவரும், பங்கு பெற்றவரும், வாய் திறவாதவரும், தடுக்காதவரும், மறைத்தவரும் அதில் சேரலாம் என்று மரபு பட்டியலிடுகிறது. எல்லாரும் எப்போதும் ஒரே அளவில் கடன்பட்டவர் அல்லர் என்றும் அக்குவினாஸ் தெளிவாக்குகிறார். ஆனால் தடுக்கும் கடமையும் ஆற்றலும் இருந்தும் தடுக்காதவர் கடனிலிருந்து தப்ப முடியாது. ஊராட்சியில், அலுவலகங்களில், பங்குப் பேரவையில், ஆலய மேடையில் நிற்கும் நாம் அந்தப் பட்டியலை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

கடலில் ‘வீணாக’ கலக்கும் நீர்

அப்படியானால் கடலுக்கு 30 கிலோமீட்டர் உள்ளே வாழும் எங்கள் கையில் கழிமுகத்தின் பொருள் என்ன இருக்கிறது?

காடு அழிந்த கதையின் மறுபாதி இங்கேதான் உள்ளது. அலையாத்திக் காடு கடல்நீரால் மட்டும் வாழ்வதன்று. ஆறு கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் அதற்கு வேண்டும். இரண்டும் கலக்கும் நீரிலேதான் அது செழிக்கும். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. இவற்றால் கோடிக்கணக்கானோர் உணவு பெற்றனர். அதனை நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் கழிமுகத்துக்குப் பருவந்தோறும் சென்ற நன்னீர் குறைந்தது. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் வருகிறது. எங்கள் பங்கின் வயல்கள் அந்த ஏரியால் விளைகின்றன. 2004 முதல் அதே ஏரியின் நீர் குழாய் வழியே சென்னைக்கும் செல்கிறது. ஆகவே எங்கள் நெல்லிலும், சென்னை வாசகரின் குவளையிலும், கழிமுகத்தின் பங்கு சிறிதேனும் கலந்திருக்கிறது.

நீர் நிறைந்து ஓடும் ஆண்டுகளில் நாம் எல்லாரும் சொல்லும் ஒரு சொல் உண்டு: “இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே!” நாளேடுகள் எழுதுகின்றன, உழவர் கூட்டங்களில் பேசுகின்றனர். அறுவடைத் திருநாள் மறையுரையில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது எண்ணிப் பார்க்கும்போது கூச்சமாக இருக்கிறது. ‘வீண்’ என்ற சொல்லில், நீருக்கு நம்மைத் தவிர வேறு உரிமையாளர் இல்லை என்னும் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பங்கை நாம் உண்டு பழகிவிட்டால், அவர் தட்டில் விழும் சோறு நமக்கு வீணாகத்தான் தோன்றும்.

உழவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. கடைமடையில் நீர் வராமல் கருகும் பயிரைக் கண்டு அழுத வீடுகள் எங்கள் பங்கில் பல உண்டு. அவர்களிடம் சென்று, ‘நீங்கள் கடலுக்குக் கடன்பட்டவர்கள்’ என்று சொல்வது கொடுமை. ஆயினும் கடன் என்பது தனி ஒருவர் சுமக்க வேண்டியதன்று. நீரைப் பங்கிடும் அமைப்பு சுமக்க வேண்டியது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் வழங்கிய இறுதித் தீர்ப்பில், 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென 10 டி.எம்.சி.யையும், தவிர்க்க இயலாமல் கடலில் கலப்பதற்கென 4 டி.எம்.சி.யையும் ஒதுக்கியது. அளவு சிறிதாக இருக்கலாம். ஆனால் ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பங்கு எப்போது, எந்த வழியே கழிமுகத்தைச் சென்றடைய வேண்டும் என்று ஆண்டுதோறும் திட்டமிடுவதும், அதைப் பொது மக்கள் அறியச் செய்வதும் அடுத்த படி. வெள்ளம் வந்தபோது மொத்தமாகத் திறந்துவிட்டு, ‘உன் பங்கைத் தந்துவிட்டோம்’ என்று கணக்கு முடிப்பது ஈடுசெய்தல் ஆகாது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

மக்களின் முயற்சி மட்டும் போதுமா? சட்டத்தின் துணை வேண்டாமா? இதற்கும் நம் கடற்கரையிலேயே ஒரு வரலாறு உண்டு.

1990களில் நாகை மாவட்டத்தின் விளைநிலங்களிலும் கழியோரங்களிலும் இறால் பண்ணைகள் பெருகின. குடிநீர்க் கிணறுகள் உப்பாயின. பக்கத்து வயல்கள் களராயின. கூலி வேலை இழந்தவர் பலர். காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்த ஏழைகளோடு நின்று அறவழியில் போராடினர். 1994-இல் ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்புநிலம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றைப் பண்ணையாக மாற்றக் கூடாது என்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியின்படி, இழப்பை மதிப்பிட்டு, பண்ணையாளரிடம் பெற்று, பாதிக்கப்பட்டோருக்கு வழங்கவும் நிலத்தைச் சீராக்கவும் ஓர் ஆணையம் அமைக்கப் பணித்தது. வேலை இழக்கும் தொழிலாளருக்கு 6 ஆண்டு ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும் என்றும் கூறியது. அக்குவினாஸ் சொன்ன ஈடுசெய்தலை, நம் நாட்டு நீதிமன்றம் தன் மொழியில் சொன்னது எனலாம்.

பின் நடந்தது என்ன? மறுஆய்வு மனுக்கள் வந்தன. தீர்ப்பை நிறைவேற்றுவது தடைப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. பண்ணைகளைப் பதிவு செய்யவும், ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணை வராமல் தடுக்கவும் அது விதி செய்தது. கூடவே, 1991-ஆம் ஆண்டு முதலே செல்லுபடியாகும் வகையில், கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடையிலிருந்து இத்தொழிலுக்கு விலக்கும் அளித்தது. நேற்றுவரை தவறாக இருந்தது, பழைய தேதியிட்டுச் சரியாக்கப்பட்டது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். இறால் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வருகிறது. கடன் வாங்கிப் பண்ணை வைத்தவரில் சிறிய விவசாயிகளும் உண்டு. முற்றாக அழிப்பதைவிட ஒழுங்குபடுத்துவது மேல் என்பர். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் அந்த வழக்கின்போது தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், பண்ணைகள் தரும் வருவாயைவிட அவற்றால் விளையும் இழப்பே மிகுதி என்று அறிக்கை தந்தது. வருவாய் சிலருக்கு, இழப்பு வேறு சிலருக்கு என்றிருக்கும்போது, இரண்டையும் ஒரே தட்டில் கூட்டிக் கழித்து ‘நாட்டுக்கு நன்மை’ என்று சொல்வது கணக்காகலாம், நீதியாகாது. ஈடு செய்வதைக் காலந்தாழ்த்துவது, பறித்தலைத் தொடர்வதற்கு ஒப்பானது என்பதும் அக்குவினாஸின் முடிவே.

சீர்திருத்தம் வேண்டிய மற்றோரிடமும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், கடற்கரை மண்டலத்துக்குள்ளும் காட்டுச் சட்டங்களின் கீழும் வரும் சதுப்புநிலங்களைத் தம் வரம்பில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன என்பது காரணம். ஆனால் நீர் இந்த எல்லைகளை அறியாது. அணை ஒரு துறையிடம், காடு ஒரு துறையிடம், மீன் ஒரு துறையிடம், பண்ணை ஓர் ஆணையத்திடம் இருக்கும்போது, கழிமுகம் முழுவதற்கும் பொறுப்பேற்பவர் ஒருவரும் இல்லை. இத்துறைகளும் ஊர் மக்களும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுக்கும் அமைப்பு சட்டப்படி நிலைபெற வேண்டும். பிச்சாவரத்தில் மன்றங்கள் சில ஆண்டுகள் செய்து காட்டியதை, திட்ட நிதி தீர்ந்ததும் தீர்ந்துபோகாமல் காப்பது சட்டத்தின் வேலை.

யாரிடம் திருப்பித் தருவது?

2004 டிசம்பர் 26-ஐ நாம் மறக்க முடியாது. ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர் கடற்கரையை ஆராய்ந்தவர்கள், அலையாத்திக் காடும் மரங்களும் சூழ்ந்த ஊர்களில் அழிவு குறைவாக இருந்ததாக 2005-இல் வெளியிட்டனர். ஊரின் மேட்டுத்தன்மையும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே பெரிய காரணம் என்று வேறு சிலர் மறுத்தனர். எந்த அளவுக்குக் காடு காத்தது என்பதை அறிவியலார் பேசித் தெளியட்டும். ஆனால் நம் கடமையை அந்த விவாதத்தின் முடிவில் தொங்கவிட வேண்டாம். திருப்பித் தரும் பொருளால் நமக்கு நன்மை வருமா என்று கணக்குப் பார்த்த பின்னரே கடனை அடைப்பவரை நாம் நேர்மையானவர் என்போமா? தேநீர்க் கடை வாசலில் நான் செய்த பிழை அதுதான்.

கடனை அடைக்கும்போது யாரிடம் அடைக்கிறோம் என்பதும் முக்கியம். பிச்சாவரத்தை அடுத்த குடியிருப்புகளில் இருளர் மக்கள் வாழ்கின்றனர். படகும் பெரிய வலையும் இல்லாதவர்கள். கழிநீரில் இறங்கி, கையால் தடவியே இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் இடுவார்கள். கழி வற்றினால் முதலில் பசிப்பது அவர்களுக்கே. 2022-இல் பிச்சாவரம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் காடு செழித்து, பறவை திரும்பி, பயணிகள் பெருகிய பின், கையால் இறால் தடவும் பெண்ணை ‘அத்துமீறி நுழைந்தவள்’ என்று வெளியே நிறுத்தினால், நாம் ஈடு செய்ததாகுமா? பறித்த பொருளை மெருகேற்றி, நம் வீட்டு வரவேற்பறையில் வைத்துக்கொண்டதாகவே ஆகும். உரிமையாளர் யாரென்று அறிய முடியாத பொருளை ஏழைகளுக்குத் தர வேண்டும் என்பது நம் அறநெறி மரபு. இங்கோ உரிமையாளர் நம் கண்முன்னே இடுப்பளவு நீரில் நிற்கிறார்.

சக்கேயுவின் கதையை நாம் அறிவோம். ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் சொன்னார். கோயில் காணிக்கைப் பெட்டியில் போடுவதாக அவர் சொல்லவில்லை. யாரிடமிருந்து பெற்றாரோ அவரிடமே தருவதாகச் சொன்னார்.

முழுமையாக ஈடு செய்ய நம்மால் முடியுமா? முடியாது. நூறாண்டுக் காட்டை, பழைய ஆற்றோட்டத்தை, அழிந்த மீனினத்தை நாம் மீண்டும் படைக்க முடியாது. அதற்கும் அக்குவினாஸ் ஒரு விடை வைத்திருக்கிறார்: சமமான ஈடு இயலாதபோது, இயன்ற அளவு செய்வது போதும். ‘இயன்ற அளவு’ என்பதை ‘வசதியான அளவு’ என்று நாம் திரித்துக்கொள்ளாதவரை, அதில் ஆறுதல் உண்டு.

இயன்ற அளவு என்று எங்கள் பங்கில் நாங்கள் எண்ணியிருப்பவை சிறியவை. வரும் கிராம சபைக் கூட்டத்தில், ஏரியின் வடிகால்களையும் அவை கடலுக்குச் செல்லும் வழிகளையும் அடைத்திருக்கும் ஆக்கிரமிப்புகளைப் பற்றிக் கேட்பது. அவற்றுள் சில நம் சொந்தக்காரர்களுடையவை என்பதால் இது எளிதன்று. காவிரித் தீர்ப்பு ஒதுக்கிய சுற்றுச்சூழல் பங்கு கழிமுகத்தைச் சேர்கிறதா என்று உழவர் சங்கத்தின் பெயராலேயே மனு எழுதிக் கேட்பது. ‘வீணாகக் கடலில்’ என்ற சொல்லை இனி ஆலய மேடையில் சொல்லாதிருப்பது. இது என் பங்கு.

உலகச் சதுப்புநில நாள் பிப்ரவரி 2. 1971-இல் அந்நாளில்தான் ராம்சார் உடன்படிக்கை கையெழுத்தானது. நமக்கு அது ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். மெழுகுதிரிகளை மந்திரித்து ஏந்தி வருகிறோம். அடுத்த பிப்ரவரி 2 அன்று திருப்பலிக்குப் பின் மீண்டும் பிச்சாவரம் போகலாம் என்று அந்த இளைஞரிடம் சொல்லியிருக்கிறேன். இம்முறை படகுச் சவாரிக்கு அன்று. வாய்க்கால்களில் தூர் சேர்ந்திருந்தால் அகற்றும் வேலைக்கு, அங்குள்ளவர்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டால் செல்வோம்.

“நாங்கள் வெட்டவில்லையே, சாமி” என்று அவர் மீண்டும் சொன்னால், “உண்மைதான் தம்பி. ஆனால் நம் வயலில் பாய்கிற தண்ணீர் எங்கே போக வேண்டியது என்று வந்து பார்” என்று சொல்வேன்.